தூரிகையும் துளையட்டையும்

கலைக்குப் புதியதொரு கருவி வந்து வாய்க்குந்தோறும் கற்றோர் இரு கட்சியாய்ப் பிரிந்து வாதிடுதல் உலக வழக்கு. ஒரு கட்சியார், "கலை இன்றோடு அழிந்தது" என்பர். மற்றைக் கட்சியார், "பழைய பயிற்சியெல்லாம் இனி எதற்கு?" என்பர். 1839ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்தில் நிழற்படமெடுக்கும் முறை உலகறிய வெளிப்பட்டபோது இவ்வழக்கு எழுந்தது. சில சொற்களை எழுதிக் கொடுத்தாற் சில விநாடிகளிற் படம் வரைந்து நீட்டும் கணனி நிரல்கள் 2022ஆம் ஆண்டிலே பொதுமக்கள் கைக்கு எட்டியபோதும் இவ்வழக்கே மீண்டும் எழுந்தது. இன்றும் அது தீர்ந்தபாடில்லை.

எமது கல்லூரியிற் சித்திரம் கற்பிக்கும் அன்பர் ஒருவர், மாணாக்கர் கொண்டுவரும் படங்களிற் கணனியின் சாயல் சிறிது தென்பட்டாலும் அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். விஞ்ஞானம் கற்பிக்கும் அன்பரோ, "வாய்பாட்டை மனனஞ் செய்தவன் கணிப்பானைத் தொடலாகாதோ?" என்று கேட்பார். ஆசிரியர் அறையில் நிகழும் இவ்வாதத்தில் என்னை நடுவனாக இருக்கும்படி இருவரும் பன்முறை வேண்டியதுண்டு. இலக்கணம் கற்பிப்பவனுக்குச் சித்திரத்தில் என்ன அலுவல் என்று அன்பர்கள் கேட்கலாம். விதியும் விதிவிலக்கும் எமது தொழில். பொறியென்பது விதியன்றி வேறறியாதது. ஆதலின் இவ்வழக்கில் இலக்கண ஆசிரியனுக்கும் ஒரு சொல் உண்டு என்று கருதியே இதனை எழுதப் புகுந்தேன்.

இரு கட்சியார்க்கும் நான் சொல்ல விரும்பும் மறுமொழி ஒரு மனிதரின் படைப்புகளில் அமைந்து கிடக்கின்றது. அவர் பெயர் சார்ள்ஸ் சூரி. கணனியைக் கொண்டு அசைவுச் சித்திரமும் கலைப்படமும் ஆக்கிய முன்னோடிகளுள் ஒருவரென உலகம் போற்றும் அமெரிக்கர் அவர். நம்மவர் பெரும்பாலும் கேட்டறியாத பெயராதலின், அவர் வரலாற்றைச் சிறிது சொல்லியே மேற்செல்லல் வேண்டும்.

சூரி 1922ஆம் ஆண்டு யூலை மாதம் 4ஆந் திகதி, மேற்கு வேர்ஜீனியா மாநிலத்திலே நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த கிராண்ட் ரவுண் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தவர். ஒஹாயோ மாநிலச் சர்வகலாசாலையிலே கலை பயின்றார். அங்கு அவரை முதலில் ஊரறியச் செய்தது தூரிகையன்று, பந்து. அமெரிக்கர் ஆடும் வகை உதைபந்தாட்டத்தில் 1942ஆம் ஆண்டிலே நாட்டின் முதன்மையைப் பெற்ற அச்சர்வகலாசாலைக் குழுவிலே ஆடியவர் அவர். பின்னர் யுத்தம் அழைத்தது. 1944ஆம் ஆண்டின் இறுதியிலே பெல்ஜியத்தின் ஆர்டென் காடுகளிற் கடுங்குளிரின் நடுவே தொடங்கிய பெருஞ்சமரிற் பங்குகொண்டு, வீரத்துக்காக வெண்கல விண்மீன் பதக்கம் பெற்றார். நாடு திரும்பியபின், தொழின்முறைப் பந்தாட்டக் குழுவொன்று விடுத்த அழைப்பை ஏற்காது கலையாசிரியரானார். 'பொப்' கலை என்னும் மக்கட்கலை இயக்கத்திற் பின்னாளிற் பெரும்புகழ் எய்திய றோய் லிக்ரன்ஸ்ரைன் அச்சர்வகலாசாலையில் அவருக்குத் தோழராய் இருந்தார்.

இங்கு ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். கணனியைத் தொடுவதற்கு முன்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சூரி கையால் வரைந்தவர். உயிருள்ள உருவத்தை முன்னே நிறுத்திக் கோடு கோடாய்க் கண்டு பழகியவர். கணனிக் கலையில் முதற்றாம்பூலம் யாருக்குரியது என்று வழக்காடுவோர் பலர். 1965ஆம் ஆண்டிலேயே ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரிலும் அமெரிக்காவின் நியூ யோர்க் நகரிலும் கணனி வரைந்த படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஜேர்மனியிலே கேயோர்க் நேஸ், பிரீடர் நாக்கே ஆகியோரும், அமெரிக்காவிலே மைக்கேல் நோல், பேலா யூலெஸ் ஆகியோரும் அவற்றை ஆக்கினர். அவர்கள் கணிதத்திலிருந்தும் விஞ்ஞானத்திலிருந்தும் கலையை நோக்கி நடந்து வந்தவர்கள். சூரியோ கலையிலிருந்து கணிதத்தை நோக்கி நடந்தவர். யார் முந்தினார் என்பதைவிட, யார் எத்திசையிலிருந்து வந்தார் என்பதே நமது ஆராய்ச்சிக்கு வேண்டியது.

அவர் நடந்த வழியைப் பாருங்கள். 1964ஆம் ஆண்டளவிலே அவர் முதலிற் கையாண்ட பொறி கணனியன்று. படத்தைப் பெருப்பித்தும் சிறுப்பித்தும் பிரதிசெய்வதற்கு ஓவியர் நெடுங்காலமாய்ப் பயன்படுத்திவந்த நெம்புச்சட்டம் போன்றதொரு பொறியமைப்பு அது. அதனை வேண்டுமென்றே ஒழுங்கு குலையச் செய்து, டியூரர், கிளே, பிக்காசோ முதலிய பெரு ஓவியரின் சித்திரங்களை அதன் வழியாகத் திரித்து வரைந்தார். செம்மையாய்ப் பிரதி எடுப்பதற்கென்று அமைந்த கருவியிடம் திரிபைக் கேட்டார் என்க. இவ்வொரு செயலிலேயே அவருடைய பிற்காலக் கலையின் வித்து முழுவதும் இருக்கின்றது என்பது என் கருத்து.

அதன்பின்னரே கணனி வந்தது. அக்காலத்துக் கணனி மேசைமேல் இருக்கும் சிறு பெட்டியன்று. சூரிக்கு வாய்த்த ஐ.பி.எம். 7094 என்னும் பொறி ஓர் அறையை அடைத்து நின்றது. படத்தைக் கண்டு திருத்தத் திரையில்லை. துளையிட்ட அட்டைகளைக் கட்டுக்கட்டாய் உள்ளே செலுத்திவிட்டு விடைக்காகக் காத்திருக்கவேண்டும். அப்பொறிக்குப் படமென்பது தெரியாது, எண் மாத்திரமே தெரியும். ஆதலின் சூரி முதலிற் கையாற் சித்திரத்தை வரைவார். அதன் கோடுகள் நெடுகப் புள்ளிகள் குறிக்கப்பட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் குறுக்கே இவ்வளவு, நெடுக்கே இவ்வளவு என இரண்டு எண்கள் கொடுக்கப்படும். அவ்வெண்கள் அட்டையிலே துளைகளாகும். கணனி அவற்றை ஏதேனுமொரு கணித விதிக்கு உட்படுத்திப் புதிய எண்களை ஈனும். அவ்வெண்களின்படி வரைபொறியின் பேனா தாளின்மீது கோடிழுக்கும். நிரல் எழுதுவதில் யேம்ஸ் ஷேபர் என்பார் அவருக்குத் துணைநின்றார். அக்காலப் படைப்புகளில் இருவர் பெயரும் சேர்ந்தே வழங்குகின்றன.

இவ்வழியிற் பிறந்ததே 1967ஆம் ஆண்டின் 'சைன் வளையி மனிதன்' என்னும் படம். முதிய ஆடவர் ஒருவரின் முகம். கையால் வரையப்பட்ட கோட்டுச்சித்திரமே அதன் மூலம். திரிகோண கணிதம் கற்ற மாணாக்கர் அனைவரும் அறிந்த சைன் வளையியின் ஏற்ற இறக்கம் அம்முகத்தின் கோடுகள்மீது ஏற்றப்பட்டது. முகம் அலையாகின்றது. நீரிற் கலங்கிய நிழல்போற் கோடுகள் நெளிகின்றன. எனினும் அம்மனிதர் அழிந்தாரல்லர். நெளிவினூடே அவர் நம்மை நோக்கிக்கொண்டே இருக்கின்றார். 'கொம்பியூட்டேர்ஸ் அன்ட் ஒட்டோமேசன்' என்னும் அமெரிக்க சஞ்சிகை அவ்வாண்டு நடத்திய கணனிக் கலைப் போட்டியில் இப்படமே முதற்பரிசு பெற்றது.

இஃது ஏன் கலையாகின்றது? சைன் வளையியை எந்தப் புள்ளிக் கூட்டத்தின்மீதும் ஏற்றலாம். ஒரு நாற்காலியின்மீது ஏற்றினால் வளைந்த நாற்காலி கிடைக்கும், அவ்வளவே. மூப்படைந்த முகத்தின்மீது ஏற்றியபோதுதான் கணித அலை காலத்தின் அலையாய்த் தோன்றுகின்றது. வளையி பொறியினது. அதற்கு அம்முகத்தைத் தெரிந்தெடுத்தமையும், முகம் முற்றாய் மறைந்துபோகாத எல்லையில் அவ்வலையை நிறுத்தியமையும் கலைஞருடையன. எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்னும் இரண்டும் கணித விதியில் இல்லாதவை.

அவ்வாண்டிலேயே 'ஹம்மிங்பேர்ட்' என்னும் அசைவுச் சித்திரமும் வெளிப்பட்டது. ஹம்மிங்பேர்ட் என்பது நமது தேன்சிட்டைப் போன்று மலர்த்தேன் உண்பது. ஆயின் இறக்கைகளை ஓயாது அசைத்தபடி அந்தரத்தில் ஓரிடத்தே நிற்கவல்ல அமெரிக்கச் சிறுபறவை. பத்து நிமிடம் ஓடும் இப்படத்துக்காகக் கணனி 30,000க்கு மேற்பட்ட உருவங்களை ஆக்கியது. படத்திலே பறவை சிறிது சிறிதாய்க் கோடுகளாற் கட்டப்படுகின்றது, பறக்கின்றது, துண்டு துண்டாய்ச் சிதறுகின்றது, சிதறிய துண்டுகள் மீண்டும் கூடிப் பறவையாகின்றன. 1968ஆம் ஆண்டிலே நியூ யோர்க் நவீனகலை நூதனசாலை இப்படத்தைத் தன் நிரந்தரச் சேகரத்துக்கென வாங்கியது. அவ்வாண்டிலேயே இலண்டனில் யாசியா றைக்காட் அம்மையார் அமைத்த 'சைபர்நெட்டிக் செரண்டிப்பிற்றி' என்னும் புகழ்பெற்ற கணனிக் கலைக் கண்காட்சியிலும் சூரியின் ஆக்கங்கள் இடம்பெற்றன. நம்நாட்டின் பழம்பெயராகிய 'செரண்டிப்'பிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொல் அக்கண்காட்சியின் பெயரில் ஒட்டிநிற்பதை இலங்கை வாசகர் குறித்துக்கொள்வர்.

முப்பதினாயிரம் உருவங்களைக் கையால் வரைவதென்றால் ஒரு கூட்டம் ஓவியர் ஆண்டுக்கணக்கிற் குனிந்திருக்க வேண்டும். அச்சோர்வை அவர் பொறியிடம் கொடுத்தார். ஆனால் அப்பறவையை அவர் கொடுக்கவில்லை. அது கையால் வரைந்த பறவை. சிறகின் வளைவிலும் அலகின் கூர்மையிலும் கண்டு பழகிய கையின் அறிவு நிற்கின்றது. அந்த அறிவு அடியில் இருந்தமையாலன்றோ, துண்டுகள் மீண்டும் கூடும்போது நமக்கு நெஞ்சு நிறைகின்றது? வட்டமும் சதுரமும் சிதறிக் கூடியிருப்பின் அவ்வுணர்ச்சி எழுந்திராது.

இதுவரை நான் கூறியவற்றுக்குச் சித்திர ஆசிரியராகிய அன்பர் இசைவார். "ஆம், கை முதலில், பொறி பின்னர், அதைத்தானே நானும் சொல்கின்றேன்" என்பார். ஆயின் அவ்வளவோடு நிற்க நான் உடன்படேன். பொறியைக் கூலியாளாக மாத்திரம் கொள்வோர்க்குச் சூரியின் மற்றொரு படைப்பு தடையாய் நிற்கின்றது. அவருடைய ஆக்கங்களுள் மிகப் பெரியதென நான் மதிப்பதும் அதுவே. அதன் பெயர் 'றண்டம் வோர்'. நாம் 'எழுந்தமான யுத்தம்' எனலாம்.

அதுவும் 1967ஆம் ஆண்டுப் படைப்பே. அப்போது வியட்நாமில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. சூரி ஒரே ஒரு போர்வீரனின் உருவத்தை வரைந்து கணனிக்குக் கொடுத்தார். அவனும் மெய்யான வீரனல்லன், சிறுவர் வைத்து விளையாடும் பொம்மை வீரன். அவ்வுருவம் நானூறாகப் பெருகுகின்றது. ஒரு படை சிவப்பு, மற்றது கறுப்பு. இரு படையிலும் உள்ளவர்களுக்கு மெய்யான மனிதரின் பெயர்கள் சூட்டப்பட்டன. பின்னர், பாடநூல்களில் எழுமாற்று எண்கள் எனப்படுவனவற்றைக் கணனி பிறப்பித்தது. முன்னதற்கும் பின்னதற்கும் தொடர்பு காணவொண்ணாதபடி வருகின்ற எண்கள் அவை. களத்தில் யார் எங்கே கிடப்பார், எப்பக்கம் திரும்பிக் கிடப்பார் என்பதை அவ்வெண்களே தீர்மானித்தன. இறந்தோர் யார், காயமுற்றோர் யார், காணாமற்போனோர் யார், பிழைத்தோர் யார், பதக்கம் யாருக்கு, இரு படையிலும் வீரன் என்று போற்றப்படுபவன் யார் என்பதனைத்தும் அவ்வெண்களின்படியே பட்டியலாயின.

'காணாமற்போனோர்' என்னுஞ் சொல்லுக்கு அகராதி பார்த்துப் பொருளறிய வேண்டியவர் இந்நாட்டில் எவருமிலர். இப்படைப்பைப் பற்றி மேலைநாட்டார் எழுதியவற்றிற் பெரும்பகுதி கணனியைப் பற்றியதாகவே இருக்கின்றது. நம்மவர் அதனைக் காணும்போது கண் முதலிற் செல்வது பெயர்ப்பட்டியலுக்கே ஆகும்.

யுத்தத்தைத் தூரிகையால் வரைந்த ஓவியர் பலர். அவர்கள் எத்துணைக் கருணையுடையோராயினும், விழுந்த உடலைப் படத்தின் எம்மூலையில் வைப்பது என்பதைத் தாமே தெரிந்தாக வேண்டும். தெரிந்து வைத்தவுடனே அவ்வுடலுக்கு ஓர் இடமும், அவ்விடத்துக்கு ஓர் அழகும், அவ்வழகினால் அச்சாவுக்கு ஒரு நியாயமும் பிறந்துவிடுகின்றன. கலைஞன் விரும்பாமலே பிறந்துவிடுகின்றன. ஆர்டென் பனிக்காட்டிலே பக்கத்தில் நின்றவன் விழத் தான் பிழைத்து வந்த மனிதர்க்கு அந்நியாயம் பொய்யெனத் தோன்றியிருத்தல் கூடும். தாம் பெற்ற பதக்கத்தைப்பற்றியும் அவர் அங்ஙனமே எண்ணினாரோ என்று நான் ஊகிக்கின்றேன். இஃது என் ஊகமே, அவர் வாய்மொழியன்று. ஆயினும் பதக்கத்தையும் சாவையும் ஒரே எண்வரிசையின் கையில் விட்ட செயல் அவ்வூகத்துக்கு இடந்தருகின்றது.

ஆகவே, 'எழுந்தமான யுத்த'த்திலே பொறி கூலியாளன்று. தெரிவு செய்யும் தொழிலையே சூரி அதனிடம் கொடுத்தார். சோம்பலினாற் கொடுத்தாரல்லர். யுத்தத்திலே தெரிவு செய்வது குருட்டுத்தன்மையே என்று காட்டக் கொடுத்தார். கையாற் செய்திருந்தால் அவ்வுண்மை கெட்டிருக்கும். பொறியாலன்றி வேறெவ்வாறும் சொல்லமுடியாத ஒன்றைப் பொறியைக் கொண்டு சொன்ன படைப்பு இது. 'கணனி தொட்டதெல்லாம் கலையன்று' என்று கூறும் அன்பர் இதற்கு விடை கூறியாதல் வேண்டும்.

நான் கூறவந்த பொருள் இதுதான். கணனி வந்தபின் கலைஞனின் தொழில் ஒழியவில்லை, இடம் மாறியது. எதைப் பொறியிடம் ஒப்படைப்பது, எதை ஒப்படைக்க மறுப்பது என்னும் தெரிவிலே அது போய் அமர்ந்தது. பறவையிலே உழைப்பை ஒப்படைத்து உருவத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். யுத்தத்திலே விதியை ஒப்படைத்துப் பெயர்களைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். இரண்டிலும் ஒப்படைப்புக்கு ஒரு காரணம் உண்டு. காரணமுள்ள ஒப்படைப்பு கலை, காரணமற்ற ஒப்படைப்பு வெறும் வசதி.

மறுத்தலுக்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றேன். 1968ஆம் ஆண்டிலே சூரி கணனியின் எண்களால் இயக்கப்பட்ட வெட்டுபொறியைக் கொண்டு மரத்திலே ஒரு சிற்பம் அமைத்தார். ஒரு கணிதச் சார்பின் மேடுபள்ளங்களே அதன் உருவம். அப்பொறி அம்மரத்தை வழுவழுப்பாய் இழைத்துத் தரவும் வல்லது. சூரி அதனை விரும்பவில்லை. உளி சென்ற தடங்களை அப்படியே விட்டுவைத்தார். மெருகு என்பது பொறிக்கு எளிது. எளிதாய்க் கிடைப்பதை வேண்டாமெனக் கூறக் கண்ணில் பயிற்சி வேண்டும்.

இங்கே ஒரு தடை எழுதல் கூடும். நிரலெழுதியவர் வேறொருவராயின், படைப்பு சூரியுடையது ஆவதெங்ஙனம் என்பர் சிலர். அவர் நிரலெழுதுவோரின் துணையை மறைத்தாரல்லர் என்பது முதலாவது விடை. நிரலை எழுதுவதும், இன்ன நிரல் வேண்டும் என்று கேட்பதும் இருவேறு அறிவு என்பது இரண்டாவது விடை. நானூறு பொம்மை வீரருக்கு மெய்ப்பெயர் சூட்டிச் சாவைப் பங்கிடும் நிரல் கணிதத்தில் எளியது. அதனைக் கேட்பதற்குக் கணிதம் போதாது.

சூரியின் ஆசிரியத் தொழிலையும் நான் விட்டுச்செல்ல இயலாது. கணனி ஆராய்ச்சிக்கென ஓர் ஓவியருக்கு அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிதியம் பணம் வழங்கியது அந்நாளிற் புதுமை. அவர் சர்வகலாசாலையிலே கணனி வரைவியல் ஆராய்ச்சிக் குழுவை நிறுவினார். ஓவியரும் கணிதரும் ஒரே கூடத்தில் அமர்ந்தனர். அங்குப் பயின்ற தோமஸ் டிபாண்டி ஆக்கிய 'கிராஸ்' என்னும் நிரன்மொழியைக் கொண்டே, 1977ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஸ்ரார் வோர்ஸ்' திரைப்படத்தின் கணனி வரைபடக் காட்சியை லறி கியூபா என்பார் பின்னர் அமைத்தார். சூரி 1990ஆம் ஆண்டிலே ஓய்வுபெற்றார். அதன் பின்னரும் தமது அறையிலே கணனியோடு படைத்துக்கொண்டே இருந்தார்.

அவர் செய்தனவெல்லாம் ஒரே தரத்தன என்று நான் கூறேன். 1981ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் அவர் பங்காளராயிருந்து நடத்திய நிறுவனம் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விளம்பரச் சித்திரங்களை ஆக்கி விற்றது. பெயரெழுத்துகள் பொன்போற் பளபளத்து வானிற் சுழன்று வரும் அவ்வகைச் சித்திரங்கள் அக்காலத்தில் வியப்பூட்டின. இன்று அவற்றைப் பார்ப்பவர்க்கு அவை வாங்குவோர் கேட்டதைக் கொடுத்த வேலையாய் மாத்திரமே தோன்றும். 'ஹம்மிங்பேர்ட்' படத்தின் மெலிந்த வெண்கோடுகளோ அறுபது ஆண்டை நெருங்கியும் பழையவாகவில்லை. பொறியின் வல்லமையைக் காட்ட எழுந்த படம், அடுத்த பொறி வந்தவுடன் முதுமை எய்தும். கண்ட ஒன்றைச் சொல்ல எழுந்த படத்துக்கு அக்குறை இல்லை.

எம்போல் இலக்கணம் கற்பிப்போர்க்கு இஃதொன்றும் புதிய செய்தியன்று. வெண்பாவின் தளையைச் சோதித்துக் கூறும் நிரல்கள் இன்று தமிழிலும் உள்ளன. ஈற்றடி முச்சீராய் நின்றதா, ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றாய் முடிந்ததா என்பவற்றை அவை நொடியிற் கண்டுசொல்லும். நன்று. அலகிட்டுப் பார்க்கும் அலுப்பை அவற்றிடம் விடலாம். ஆயின் தளை தட்டாத வெண்பாவெல்லாம் கவிதையன்று என்று நமது ஆசான்கள் எமக்குக் கணனி வருவதற்கு நெடுநாள் முன்னரே சொல்லித் தந்தார்கள். தண்டியலங்காரம் சொல்லணியியலில் வகுத்துக்கூறும் சித்திரகவிகளிலே எழுத்துகள் சக்கரமாகவும் நாகமாகவும் அமைந்து வாசகனை வியப்பிக்கும். கட்டத்தை நிரப்பியதோடு நின்ற சித்திரகவி வித்தையாய் ஒழியும். கட்டத்தினுள்ளே நின்று ஒரு பொருளையும் சொல்லியதே நெஞ்சில் நிற்கும்.

எனவே, எனது தீர்ப்பு இது. சித்திர ஆசிரியராகிய அன்பர் கணனியின் சாயல் கண்டு படத்தைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டா. மாணாக்கனை அருகழைத்து, "இதிலே எதைப் பொறியிடம் கொடுத்தாய்? ஏன் கொடுத்தாய்? எதைக் கொடுக்க மறுத்தாய்?" என்னும் மூன்று வினாக்களைக் கேட்பாராக. "யுத்தத்தைப்பற்றி ஒரு படம்" என்று நாலு சொல்லைத் தட்டிவிட்டு வந்ததை எடுத்து வந்தவன், இரண்டாம் வினாவிலேயே தலைகுனிவான். தீயும் புகையும் அழுகின்ற குழந்தையும் அப்படத்தில் இருக்கும், எல்லாம் அழகாய் இருக்கும். அவற்றுள் எதனையும் அவன் தெரிந்தெடுக்கவில்லை, எதனையும் மறுக்கவுமில்லை. தலைகுனிந்த அந்நேரமே அவனுக்குப் பாடம் தொடங்கும் நேரம். அதட்டலும் தண்டனையும் அதற்கு வேண்டியதில்லை.

விஞ்ஞான ஆசிரியராகிய அன்பருக்கும் ஒரு சொல். வாய்பாடு அறிந்தவன் கணிப்பானைத் தொடலாம் என்று அவர் கூறியது சரியே. வாய்பாட்டை அறிதல் வேண்டும் என்னும் முற்பாதியையும் அவர் கைவிடாதிருக்க வேண்டும். கோடு வரையும் பயிற்சியைப் பாடசாலையிலிருந்து எடுத்துவிட்டால், நாளைய மாணாக்கன் மூன்றாம் வினாவுக்கு என்ன விடை கூறுவான்? பெறுவதொன்றையே அறிந்தவன் மறுக்கத் தெரியாதவனாவான். சைன் அலையை எங்கே நிறுத்தினால் முகம் முகமாய் இருக்கும் என்று காணும் கண், முகங்களை வரைந்து வரைந்தே உண்டாயிற்று. அதனைக் கொடுக்கும் பொறி எதுவும் எனக்குத் தெரிந்த அளவில் இன்னும் வரவில்லை.

சூரி 2022ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 27ஆந் திகதி தமது 99ஆம் வயதிற் காலமானார். சொல்லைக் கொடுத்தாற் படம் தரும் நிரல்கள் பெருவாரியாய்ப் பரவத் தொடங்கியது அதற்குச் சில மாதங்களின் பின்னராகும். துளையட்டையோடு போராடிய அத்தலைமுறை நமக்கு விட்டுச்சென்ற சித்திரங்கள் சிலவே. அவற்றை வகுப்பறையிலே மாணாக்கர் முன் வையுங்கள். அவர்கள் கையிலே ஒரு பென்சிலையும் தாளையும் கொடுத்து, முதலில் ஒரு தேன்சிட்டை வரையச் சொல்லுங்கள். கணனியை அதற்கடுத்த பாடவேளைக்கு வைத்துக்கொள்ளலாம்.